அடியில் சூடுநீர்க் குழாய் ஓடும் தரையில் மாடிப்படித் தூணை நிறுத்துவது எப்படி?

கேள்வி இதுதான். இங்கிலாந்தில் ஒரு வீட்டைப் புதுப்பிக்கிறார்கள். கீழ்த்தளம் முழுக்கத் தரைக்கு அடியில் சூடுநீர்க் குழாய். அதன் மேல் 70 மி.மீ. ஸ்கிரீட், அதாவது தரையைச் சமப்படுத்தும் கலவை, போட்டு மூன்று மாதம் ஆகிவிட்டது. அடுத்த வாரம் ஓக் மரத்தில் செய்த மாடிப்படி வருகிறது. கைப்பிடி தொடங்கும் இடத்தில் நிற்கிற 90 மி.மீ. சதுரத் தூணை, அதாவது கீழ் நியூவல் போஸ்டை, நான்கு நீள ஆங்கர் போல்ட் போட்டுத் தரையோடு இறுக்கப்போவதாகத் தச்சர் சொல்கிறார். ஹீட்டிங் போட்டவரோ தரையில் ஒரு துளைகூடக் கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

போல்ட் வேண்டாம். குழாய்க்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த நான்கு போல்ட் போட்டாலும் தூண் ஆடத்தான் செய்யும். கீழ் நியூவலுக்குப் பலம் தரையிலிருந்து வருவதில்லை, படிக்கட்டிலிருந்து வருகிறது. தரை செய்ய வேண்டியது ஒரே ஒரு வேலை: தூணின் அடி நகராமல் பார்த்துக்கொள்வது. இதை உங்கள் தச்சர் ஒப்புக்கொண்டுவிட்டால் குழாய்ப் பிரச்சினையில் முக்கால்வாசி அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் உங்கள் தரைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அடியில் கான்கிரீட் ஸ்லாப். அதன் மேல் 100 முதல் 150 மி.மீ. வரை இன்சுலேஷன் பலகை. அந்தப் பலகையில் 16 மி.மீ. பிளாஸ்டிக் குழாயை, பெரும்பாலும் 150 அல்லது 200 மி.மீ. இடைவெளியில், கிளிப் அடித்து ஓட்டியிருப்பார்கள். அதன் மேல் ஸ்கிரீட். குழாய் பலகையோடு ஒட்டிக் கிடந்தால் அதன் முதுகு ஸ்கிரீட்டின் மேற்பரப்பிலிருந்து சுமார் 54 மி.மீ. ஆழத்தில் இருக்கும். ஆனால் ஒரு கிளிப் விட்டுப்போயிருந்தாலும் ஸ்கிரீட் ஊற்றும்போது குழாய் மிதந்து மேலே வந்துவிடும். 35 மி.மீ. ஆழத்திலேயே குழாயைப் பார்த்திருக்கிறேன். அதனால் கணக்கில் வரும் ஆழத்தை நம்பித் துளை போடக் கூடாது.

இன்னொன்று. அந்த ஸ்கிரீட் ஸ்லாப்போடு ஒட்டியிருக்கவில்லை. இன்சுலேஷன் மேல் படுத்திருக்கிறது, அவ்வளவுதான். அதில் அடிக்கும் போல்ட் எதுவும் வீட்டின் கான்கிரீட்டைப் பிடிப்பதாக நினைக்க வேண்டாம்.

இப்போது கணக்கு. வீட்டுக்குள் இருக்கும் படிக்கட்டுக் கைப்பிடி, பக்கவாட்டில் மீட்டருக்கு 0.36 கிலோநியூட்டன் தள்ளலைத் தாங்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளும் அளவு. நம் கணக்கில் சுமார் 37 கிலோ. கீழ் நியூவலின் பங்குக்கு ஒன்றரை மீட்டர் கைப்பிடி வருகிறது என்று வைத்துக்கொண்டால் 55 கிலோ. அது 900 மி.மீ. உயரத்தில் தள்ளுகிறது.

தூண் தரையை மட்டும் நம்பி நின்றால் என்ன ஆகும்? 90 மி.மீ. அடிப்பாகத்தில் ஒரு விளிம்பு அழுந்தும், எதிர்விளிம்பில் இருக்கும் போல்ட் பிடுங்கப்படும். இரண்டுக்கும் இடையே அதிகம் போனால் 70 மி.மீ. இருக்கும். 55-ஐ 900-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 700 கிலோவுக்கு மேல் வருகிறது. ஸ்கிரீட்டில் குழாயைத் தொடாமல் போடக்கூடிய 25, 30 மி.மீ. துளை இந்த இழுப்புக்குப் பக்கத்தில்கூட வராது. போல்ட் ஒரு கூம்புத் துண்டு ஸ்கிரீட்டையும் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும். அதனால்தான் தச்சர் நீள போல்ட் கேட்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நீள போல்ட் போட்டால் குழாய் மாட்டும்.

இதே தூண் படிக்கட்டின் பக்கப் பலகையோடு, அதாவது ஸ்ட்ரிங்கோடு, நன்றாகப் பிணைந்திருந்தால் கணக்கே மாறிவிடும். அந்த இணைப்பு தரையிலிருந்து 250 மி.மீ. உயரத்தில் தூணைப் பிடிக்கிறது என்று வையுங்கள். மேலே தள்ளும்போது தூண் அந்த இடத்தை அச்சாக வைத்துத் திரும்பப் பார்க்கும். அடி எதிர்ப்பக்கம் உதைக்கும். அந்த உதை 55 பெருக்கல் 650 வகுத்தல் 250, சுமார் 143 கிலோ. 700 இப்போது 143 ஆகிவிட்டது. அதைவிட முக்கியம், பிடுங்கும் இழுப்பு இப்போது வெறும் பக்கவாட்டு நகர்வாக மாறிவிட்டது. பக்கவாட்டு நகர்வைத் தடுக்க ஒரு சின்ன முளையும் நல்ல பசையும் போதும். 12 மி.மீ. கம்பி ஒன்று 25 மி.மீ. ஆழத்தில் நின்றாலே ஸ்கிரீட்டின் மேல் வரும் அழுத்தம் சதுர மி.மீ.க்கு 5 நியூட்டனைத் தாண்டாது. ஒழுங்காகப் போட்ட ஸ்கிரீட் அதைச் சாதாரணமாகத் தாங்கும்.

ஆனால் அந்த இணைப்பு இருக்கிறதே, அதன் மேல் ஏறக்குறைய 200 கிலோ வருகிறது. அதனால் உங்கள் கவனமும் பணமும் போக வேண்டிய இடம் அதுதான். ஸ்ட்ரிங்கின் முனையில் கழுந்து, அதாவது துளைக்குள் செருகும் நாக்கு, வெட்டி, நியூவலில் அதற்கான துளை எடுத்து, மர முளை அடித்து இழுத்துப் பிடிக்கும் பழைய முறையைவிட நல்லது எதையும் நான் பார்க்கவில்லை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முளைக்கான துளையை நியூவலிலும் கழுந்திலும் நேருக்கு நேராகப் போடக் கூடாது. நியூவலில் முதலில் துளை போட்டுவிட்டு, கழுந்தை உள்ளே செருகி, துளை வழியாக டிரில் முனையால் கழுந்தின் மேல் ஒரு புள்ளி குத்துங்கள். கழுந்தை வெளியே எடுத்து, அந்தப் புள்ளியிலிருந்து தோள்பட்டைப் பக்கமாக, அதாவது கழுந்து தொடங்கும் பக்கமாக, ஒன்றரை அல்லது 2 மி.மீ. தள்ளித் துளை போடுங்கள். முனை சீவிய ஓக் முளையை அடிக்கும்போது அது வளைந்து வளைந்து உள்ளே போகும். போகப் போக ஸ்ட்ரிங்கின் தோளை நியூவலோடு இழுத்து நெருக்கும். கடைசி நான்கைந்து அடியில் சத்தம் மாறும். மந்தமாக இருந்த தட்டல் கணீர் என்று கேட்கத் தொடங்கும்போது இணைப்பு மூடிவிட்டது என்று கண்ணால் பார்க்காமலே சொல்லிவிடலாம். அப்புறம் கிளாம்ப் தேவையில்லை. பசை காயும்வரை முளையே பிடித்துக்கொள்ளும்.

அதோடு முதல் படியின் ரைசரும், அதாவது செங்குத்தாக நிற்கும் முன்பலகையும், மிதிபலகையும் நியூவலுக்குள் 10, 12 மி.மீ. காடி எடுத்து உட்கார வேண்டும். பக்கவாட்டுத் தள்ளலில் ஸ்ட்ரிங் தனியாக இருந்தால் முறுக்கிக்கொள்ளும். ரைசர் குறுக்கே நின்று அந்த முறுக்கலைத் தடுக்கிறது. படிக்கட்டை ஆர்டர் செய்யும்போது பலர் இந்தக் காடியைக் கவனிப்பதில்லை. வந்து இறங்கியதும் முதலில் அதைப் பாருங்கள். ரைசர் நியூவலில் வெறுமனே முட்டிக்கொண்டு, இரண்டு திருகாணியில் நிற்கிறது என்றால் திருப்பி அனுப்புங்கள், அல்லது உங்கள் தச்சரைக் காடி எடுக்கச் சொல்லுங்கள்.

சரி, அடிப்பாகத்துக்கு வருவோம். நான் செய்வது இப்படி. நியூவலின் அடி நடுவில் 80 மி.மீ. ஆழத்துக்குத் துளை போட்டு 12 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை எபாக்ஸிப் பசை வைத்து இறக்கி, 22 மி.மீ. வெளியே நீட்டி விடுவேன். தரையில் அதற்கு 16 மி.மீ. விட்டத்தில் 25 மி.மீ. ஆழத் துளை. விட்டம் ஏன் கூடுதல் என்றால், படிக்கட்டை மேல்தள உத்தரத்தில் மாட்டிவிட்டுக் கீழ்முனையை இறக்கும்போது அது செங்குத்தாக இறங்காது, ஒரு வளைவில் வரும். இடம் கொஞ்சம் இருந்தால்தான் கம்பி உள்ளே விழும். மிச்ச இடைவெளியை எபாக்ஸி நிரப்பிக்கொள்ளும். சாதாரண இரும்புக் கம்பி வேண்டாம்; ஊற்றுகிற வகை ஸ்கிரீட்டில் பெரும்பாலானவை கால்சியம் சல்பேட், ஈரம் பட்டால் இரும்பை அரிக்கும்.

டிரில்லில் ஆழக் கட்டுப்பாட்டுக் கம்பி கட்டாயம். முனையில் டேப் சுற்றி அடையாளம் வைப்பதெல்லாம் இந்த இடத்தில் போதாது, டேப் நகர்ந்துவிடும். ஹேமர் போடாமல், சுழற்சியில் மட்டும், மெதுவாக.

பசை எதில் ஒட்டுகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கால்சியம் சல்பேட் ஸ்கிரீட்டின் மேல் வெளிறிய மாவு போன்ற ஒரு தோல் படிந்திருக்கும். சாவியால் கீறினால் பொடியாக வரும். அதன் மேல் உலகத்திலேயே நல்ல பசையைத் தடவினாலும் அது அந்தத் தோலைத்தான் பிடிக்கும், தோல் ஸ்கிரீட்டை விட்டு உரிந்துவிடும். நியூவல் நிற்கும் இடத்தை மணல் துகள் கண்ணுக்குத் தெரியும்வரை தேய்த்து, வேக்குவம் பிடித்து, பிரைமர் அடித்துவிட்டு ஒட்டுங்கள். சிமெண்ட் ஸ்கிரீட் என்றாலும் தேய்த்துத் தூசி எடுப்பது நல்லது.

ஒரு துளைகூட வேண்டாம் என்று ஹீட்டிங்காரர் பிடிவாதமாக இருந்தால், அல்லது குழாய் சரியாக அந்த இடத்திலேயே ஓடினால், இன்னொரு வழி இருக்கிறது. முதல் ரைசருக்குப் பின்னால், படிக்கு அடியில், 300 மி.மீ. நீளம் 70 மி.மீ. அகலத்தில் ஒரு கடின மரக் கட்டையைத் தரையில் ஒட்டிவிடுங்கள். அது நியூவலின் உள்முகத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கட்டும். பசை முழுக்க இறுகிய பிறகு நியூவலையும் ரைசரையும் அந்தக் கட்டையோடு திருகாணி போட்டுப் பிணைத்துவிடலாம். வெளியே எதுவும் தெரியாது. படிக்கு அடியில் பலகை அடித்து மூடும் முன்பே இதைச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். படிக்கட்டு ஏற்கெனவே நின்றுகொண்டிருக்க, நியூவலைப் பக்கவாட்டிலிருந்து கழுந்தில் ஏற்ற வேண்டிய நிலை வந்தாலும் இதுதான் வழி. அப்போது அடியில் நீட்டிய கம்பியை இறக்க முடியாது.

இப்போது குழாய் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிப்பது. 25 மி.மீ. துளைதானே என்று இதை விட்டுவிட வேண்டாம். ஸ்கிரீட் ஊற்றும் முன் எடுத்த படம் இருந்தால் நல்லது. ஆனால் படத்தில் அளவுநாடா தெரிந்தால்தான் அதற்குப் பயன். இல்லாவிட்டால் தெர்மல் கேமரா ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். முந்தைய நாளே ஹீட்டிங்கை நிறுத்தித் தரையை முழுக்கக் குளிரவிடுங்கள். காலையில் 40 டிகிரியில் தண்ணீரை விட்டு அரை மணி கழித்துப் பார்க்கத் தொடங்குங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் மங்கலாகப் பட்டைகள் எழும். 70 மி.மீ. ஸ்கிரீட்டில் அவை கோடாக வராது, அகலமான பட்டையாகத்தான் வரும்; பட்டையின் நடுவைப் பிடித்து உடனே டேப் ஒட்டுங்கள். ரொம்ப நேரம் தாமதித்தால் தரை முழுக்க ஒரே நிறமாகிவிடும், மறுபடி குளிர விட்டுத்தான் பார்க்க வேண்டும். கேமரா கிடைக்காவிட்டால் தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். குழாய்க்கு மேலே முதலில் காயும். துல்லியம் குறைவு, ஆனாலும் பொய் சொல்லாது.

படிக்கட்டுப் பக்கத்தில் ஒரு கூடுதல் ஆபத்து இருக்கிறது. தண்ணீரைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டை வைப்பதற்கு எல்லோரும் தேடும் இடம் படிக்கு அடியில் இருக்கும் அலமாரிதான். அப்படியானால் வீட்டிலுள்ள எல்லா அறைக்கும் போகிற குழாயும் வருகிற குழாயும் அந்த இடத்தில்தான் கூடும். அங்கே 200 மி.மீ. இடைவெளி என்பதே கிடையாது, 50 மி.மீ.க்கு ஒன்றாக நெருக்கி ஓடும். அவை கீழ் நியூவலைத் தொட்டுக்கொண்டு போவது ரொம்பச் சாதாரணம். உங்கள் மேனிஃபோல்ட் அங்கே இருந்தால் நான் கம்பிகூடப் போட மாட்டேன், ஒட்டுக் கட்டை முறைக்கே போய்விடுவேன்.

வேறொருவர் போட்ட திருகாணியால் வந்த பிரச்சினையைச் சரிசெய்ய ஒருமுறை ஒரு வீட்டுக்குப் போனேன். தூண் போட்ட அன்று எதுவும் தெரியவில்லை. திருகாணி குழாயைத் துளைத்ததோடு அந்தத் துளையைத் தானே அடைத்துக்கொண்டும் நின்றது. வாரத்துக்கு ஒருமுறை சிஸ்டத்தில் அழுத்தம் குறைவதைப் பார்த்து, பாய்லரில்தான் கோளாறு என்று நினைத்து அவர்கள் தண்ணீரை நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். இரண்டாவது குளிர்காலத்தில் ஓக் தூணின் அடி கறுத்து, பக்கத்தில் தரைப்பலகை மேலெழும்பியது. அடியில் இருந்த இன்சுலேஷன் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. அந்தக் குடும்பம் மூன்று வாரம் படிக்கட்டின் பாதியைக் கழற்றிவைத்துக்கொண்டு இருந்தது. அன்றிலிருந்து மேனிஃபோல்டில் அழுத்தமானி முள்ளைப் பார்க்காமல் நான் டிரில்லை எடுப்பதில்லை. அந்தப் பகுதிக் குழாய்ச்சுற்றை மட்டும் மூடி, 4, 5 பார் அழுத்தம் ஏற்றி, முள் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு வேலை செய்யுங்கள். முடிந்து மறுநாள் காலையிலும் முள் அதே இடத்தில் இருக்க வேண்டும். மீறிக் குழாய் துளைபட்டுவிட்டால் டிரில் முனையையோ ஆணியையோ பிடுங்காதீர்கள். அதுதான் அப்போதைக்கு அடைப்பு. மேனிஃபோல்டில் அந்தச் சுற்றின் இரண்டு வால்வையும் மூடுங்கள். ஸ்கிரீட்டைக் கொத்தி 16 மி.மீ. இணைப்பு ஒன்று போட்டால் சரியாகிவிடும். அன்றே கண்டுபிடித்தால் அரை நாள் வேலைதான்.

உங்கள் தரையின் மேல் என்ன வரப்போகிறது என்று நீங்கள் சொல்லவில்லை. டைல்ஸ் என்றால் நியூவலை முதலில் ஸ்கிரீட்டில் நிறுத்திவிட்டு, டைல்ஸைச் சுற்றி வெட்டி, இடையில் சிலிக்கான் அடியுங்கள். ஒட்டாமல் மிதக்கவிடும் மரப்பலகைத் தரை என்றால் இன்னும் கவனம் வேண்டும். பலகை போட்டபிறகு அதன் மேல் தூணை நிறுத்தித் திருகினால் தரையை அந்த இடத்தில் ஆணி அடித்த மாதிரி ஆகிவிடும். சூட்டில் விரிந்து சுருங்க இடம் இல்லாமல் நடுவில் எங்கேயாவது தூக்கிக்கொள்ளும். தூண் ஸ்கிரீட்டில்தான் நிற்க வேண்டும். பலகையைத் தூணைச் சுற்றி 10 மி.மீ. விட்டு வெட்டி, மேலே ஒரு சின்னப் பட்டி வைத்து மறைக்கலாம். பட்டியைத் தூணோடு ஒட்டுங்கள், தரையோடு ஒட்டாதீர்கள்.

மரத்தையும் மறந்துவிடக் கூடாது. ஓக் தூணின் வெட்டுமுனை ஈரத்தை ஸ்ட்ரா மாதிரி உறிஞ்சும். சிமெண்ட் ஸ்கிரீட் முதல் 40, 50 மி.மீ. வரை மி.மீ.க்கு ஒரு நாள் என்ற கணக்கில் காயும்; அதற்கு மேல் ரொம்ப மெதுவாகும். உங்கள் 70 மி.மீ.க்கு மூன்று மாதம் என்பது விளிம்பில் இருக்கிறது. ஈரமானி வைத்து அளக்கச் சொல்லுங்கள்; 75 சதவீத ஒப்பு ஈரப்பதத்துக்குக் கீழே வந்த பிறகுதான் மரம். ஹீட்டிங்கை ஏற்கெனவே ஓட்டிப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். சிமெண்ட் ஸ்கிரீட்டில் 21 நாளுக்கு முன் சூடு ஏற்றக் கூடாது. முதல் மூன்று நாள் 25 டிகிரி, அப்புறம் முழுச் சூட்டில் நான்கு நாள் என்பது ஐரோப்பியத் தரநிலை இ.என். 1264 சொல்லும் முறை. அதை முடித்துவிட்டு, படிக்கட்டு மரத்தை அந்தச் சூடான வீட்டுக்குள்ளேயே ஒரு வாரமாவது கிடத்திவைத்தால், முதல் குளிர்காலத்தில் கழுந்துத் தோள் வாய்திறக்காது.

கொஞ்சம் வேறு நிலைமையில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு: டைல்ஸுக்கு அடியில் மின்கம்பி மேட் போட்ட தரை என்றால் கம்பி டைல்ஸுக்குச் சில மி.மீ. கீழேயே இருக்கும். அங்கே துளை என்ற பேச்சே வேண்டாம், ஒட்டுக் கட்டைதான். மரச்சட்டத் தரை என்றால் கவலை குறைவு. குழாய் சட்டங்களுக்கு இடையில் ஓடும், சட்டத்துக்குச் சட்டம் குறுக்குக் கட்டை போட்டு நியூவலின் காலைத் தரைக்குக் கீழே இறக்கி போல்ட் போட்டுவிடலாம். இன்னும் ஸ்கிரீட் ஊற்றாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். தூண் வரும் இடத்தைச் சுற்றி 150 மி.மீ. குழாய் இல்லாமல் விடச் சொல்லுங்கள். இரண்டு மரத்துண்டை வைத்து அடையாளம் காட்டினாலே போதும்.

ஸ்ட்ரிங் எதுவும் வந்து சேராமல் தனியாக நிற்கும் தூண் மட்டும் வேறு கதை. அதற்கு மேலே சொன்ன 700 கிலோ கணக்கு அப்படியே பொருந்தும். 200 மி.மீ. சதுர எஃகுத் தகட்டில் ஒரு குழாய்த் தண்டை வெல்ட் செய்து, தகட்டை ஸ்கிரீட்டில் எபாக்ஸியால் ஒட்டி, தண்டின் மேல் உள்ளீடற்ற நியூவலை இறக்கினால் நெம்புகோல் இரண்டு மடங்குக்கு மேல் அகலமாகும். இழுப்பும் அந்த அளவுக்குக் குறையும். கைப்பிடியின் மறுமுனை சுவரில் பிடித்திருந்தால் இது போதும். இல்லாவிட்டால் ஸ்கிரீட்டை வெட்டித் திறந்து, ஸ்லாப்பிலேயே எஃகுக் கால் வைக்க வேண்டும். அங்கே ஈரத்தடுப்புப் படலமும் இருக்கும் என்பதால் அதை ஒரு பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும்.

உங்கள் வேலையில் அது தேவைப்படாது. நாளைக்கே தச்சரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஸ்ட்ரிங் நியூவலில் எப்படிச் சேர்கிறது, முதல் ரைசர் காடிக்குள் உட்காருகிறதா. இரண்டுக்கும் நல்ல பதில் வந்தால் போல்ட் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். தூணை நிறுத்தியதும் இரண்டு பக்கமும் ரசமட்டம் பார்த்து, பசை இறுகும்வரை இரண்டு சட்டம் முட்டுக் கொடுத்து, ஒரு நாள் யாரையும் கைப்பிடியைப் பிடிக்கவிடாமல் வையுங்கள். தரையில் துளை போட்டிருந்தால் அளவுநாடாவை வைத்து ஒரு படம் எடுத்து, அச்சடித்து, மேனிஃபோல்ட் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.